கழிமுகத்துச் சேற்றுக்குச் சாட்சி யார்?

(பட்டிப்பொலயில் மரக்கறி விவசாயிகளும் ஆசிரியர்களும் தோட்ட உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டத்தில், சட்டத்தரணியும் அரசியல் ஊழியருமான ஒருவர் நிகழ்த்திய உரை)



ஆற்றின் கழிமுகத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒருவன் ஏறத்தாழ 6,200 அடி உயரத்திலுள்ள பட்டிப்பொலக்கு ஏறி வருவானா என்று சற்று முன்னர் வாயிலில் நின்ற ஒரு பெரியவர் கேட்டார். கேட்டவர் நகைத்துக்கொண்டுதான் கேட்டார். ஆயினும் கேள்வி நியாயமானது. இலங்கையில் இதனினும் உயர்ந்த புகையிரத நிலையம் வேறில்லை. கடலுக்கும் இவ்வூருக்கும் இடையே உள்ள தொலைவு, கோட்டை நிலையத்தில் இரவு வண்டி ஏறி விடியற்காலை இங்கு குளிரில் இறங்கியவர்களுக்கு நன்கு தெரியும். எனவே, நான் ஏன் இவ்விடத்தைத் தெரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடக் கடமைப்பட்டுள்ளேன்.

இக்கூட்ட மண்டபத்திலிருந்து வெளியே சென்று தொட்டுபொல மலையை நோக்குங்கள். அதன் பின்புறம் ஹோட்டன் சமவெளி. இந்நாட்டின் மூன்று பெரிய ஆறுகள் அந்தப் புல்வெளியிலும் அதனைச் சூழ்ந்த காடுகளிலும் பிறக்கின்றன. அக்ர ஓயாவாக வடக்கே இறங்கும் நீர் மகாவலியாகி, 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. பெலிகுல் ஓயாவாகத் தெற்கே வீழும் நீர் வளவையாகி அம்பலாந்தோட்டையருகே கடலை அடைகின்றது. மேற்கே செல்லும் நீர் கெகெல்கமு ஓயாவாகி, மஸ்கெலியா ஓயாவுடன் கூடி, களனி என்னும் பெயர் பெற்று, கொழும்பின் வடபுறத்தில் முகத்துவாரத்தில் முடிகின்றது. நம் முன்னோர் அவ்விடத்துக்கு இட்ட பெயரே முகத்துவாரம்; சிங்கள மக்கள் மோதர என்பதும் அதே பொருளில்தான். நுனிப் பனியைத் துடைத்துக்கொண்டு நீங்கள் கரட்டும் லீக்சும் பிடுங்கும் நிலம், மூன்று கழிமுகங்களுக்குத் தாய் நிலம்.

இனி, அம்மூன்று கழிமுகங்களிலும் என்ன இருக்கின்றது என்பதைப் பாருங்கள். களனியின் கீழ்ப்பகுதிக்கு அண்மையில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம். மகாவலி விழும் குடாவின் மறுகரையில், சீனன்குடாவில், பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்க் குதங்கள். வளவை விழும் அம்பாந்தோட்டைக் கரையிலோ, 370 கோடி டொலர் செலவில் நாளொன்றுக்கு இரண்டு இலட்சம் பீப்பாய் மசகெண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை அமைக்கச் சீன நிறுவனமான சினோபெக்குடன் 2025 ஜனவரியில் அரசாங்கம் உடன்பாடு செய்துகொண்டது. நமது மூன்று ஆறுகளும் எண்ணெய் வாசலிலேதான் முடிகின்றன. இதனை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. துறைமுகமும் ஆற்றுவாயும் ஓரிடத்தில் அமைவது இயற்கை. துறைமுகம் உள்ள இடத்துக்கு எண்ணெய் வருவதும் இயற்கை. ஆனால் இயற்கையாக நேரும் காரியத்துக்குக் காவல் வேண்டாமா?

எண்ணெய் என்பது யாது? காபனும் ஐதரசனும் பல்வேறு வகையில் இணைந்த ஆயிரக்கணக்கான பொருள்களின் கலவை. ஐதரோகாபன் என்று பாடசாலைப் புத்தகத்தில் நம் பிள்ளைகள் படிப்பது இதனையே. இவற்றுட் சில இலகுவானவை; பெற்றோலின் மணம் மூக்கில் ஏறுகின்றதே, அவை காற்றிற் கலந்து போய்விடும். சில பாரமானவை, வளையத்தோடு வளையம் கோத்தாற்போல் அமைந்தவை. இரண்டு வளையம் உள்ளது நப்தலீன். பெட்டியில் துணிக்கு இடும் அந்துருண்டை பலகாலம் அதனாலேயே செய்யப்பட்டது. ஐந்து வளையம் கொண்ட பென்சோபைரீன் என்னும் ஒன்று, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் ஐயத்துக்கிடமின்றி வகுத்துள்ள பொருள். இவ்வளையப் பொருள்கள் நீரிற் கரைவதை வெறுக்கின்றன. நீரை விட்டு விலகி, வண்டலின் நுண்ணிய துகளைப் பற்றிக்கொள்வதே அவற்றின் இயல்பு.

கழிமுகத்தில் நிகழும் விந்தையை இங்கே கவனிக்க வேண்டும். மலையிலிருந்து கலங்கி வரும் நன்னீர் உப்புநீரைச் சந்திக்கும் இடத்தில் அதன் வேகம் தளருகின்றது. உப்புப் பட்ட மாத்திரத்தே, தனித்தனியாக மிதந்து வந்த களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் அமர்கின்றன. அத்துகள்களைப் பற்றிவந்த எண்ணெயும் உடன் அமர்கின்றது. ஆகவே நூறு கல் தொலைவில் எவனோ வாய்க்காலிற் சிந்தியதும், நகரத்து வீதியிலிருந்து மழை கழுவியதும், டீசல் புகையில் இருந்து படிந்த கரியும் கடைசியிற் கணக்குத் தீர்க்கும் இடம் கழிமுகத்துச் சேறு. நண்டுக் குஞ்சும் இறாற் குஞ்சும் வளரும் இடமும் அதுவே. மீன் தன் ஈரலினால் இந்த நஞ்சில் ஒரு பகுதியைச் சிதைத்து வெளியேற்றும். மட்டிக்கும் சிப்பிக்கும் அந்தத் திறமை மிகக் குறைவு. அவை அப்படியே சேர்த்து வைத்துக்கொள்ளும்.

நீரின் மேல் மிதக்கும் எண்ணெயைக் கண்டு மக்கள் கொதிக்கின்றனர், பத்திரிகைகள் படம் எடுக்கின்றன, அமைச்சர்கள் வருகின்றனர். ஒரு மாதத்தில் நீர் தெளிகின்றது. எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகின்றனர். சேற்றைப் பார்ப்பார் இல்லை. சேற்றின் மேற்பரப்பிலிருந்து சில விரற்கடை கீழே சென்றால் அங்கே ஒட்சிசன் இல்லை. எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்கள் காற்றில்லாத இடத்தில் மிக மெதுவாகவே வேலை செய்யும். 1969 செப்டம்பரில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் கரையில், மேற்கு ஃபால்மவுத் என்னும் இடத்தில் ஒரு தோணிக்கப்பல் தரைதட்டி எரியெண்ணெய் சிந்தியது. முப்பது ஆண்டுகள் கழித்து அங்கே சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்த விஞ்ஞானிகள், அதே எண்ணெய் மண்ணினுள் இன்னும் இருக்கக் கண்டனர். சிந்தியபோது பிறந்த குழந்தைக்குத் திருமணமாகிப் பிள்ளை பிறந்த பின்னரும் எண்ணெய் போகவில்லை என்றால், ஒரு மாதத்தில் "வழமை நிலைக்குத் திரும்பிவிட்டது" என்று அறிக்கை விடும் அதிகாரிகளை என்னவென்பது?

நம் இனத்தவர் அடைந்த துன்பம் ஒன்றைச் சொல்லுகிறேன். சென்னைக்கு வடக்கே எண்ணூர். கொசத்தலை ஆறு கடலிற் கலக்கும் கழிமுகம். அங்கேயும் முகத்துவாரக்குப்பம் என்றொரு மீனவக் கிராமம் உண்டு. பெயரைக் கேட்டபோது நம் முகத்துவாரமே என் நினைவுக்கு வந்தது. 2017 ஜனவரி 28ஆம் திகதி, எண்ணூரின் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பெரிய சேதமில்லை என்பதே முதலில் வந்த செய்தி. பின்னர் கரையோரக் காவற்படை கணக்கிட்டபோது, சிந்திய கன எண்ணெய் சுமார் 196 தொன் எனத் தெரிந்தது. அதனை அள்ளுவதற்கு இந்தியா போன்ற பெரிய தேசத்தின் பெரிய துறைமுகத்தில் கையில் அகப்பட்ட கருவி வாளி. மாணவர்களும் மீனவர்களும் வாளி வாளியாக அள்ளிய காட்சியை உலகம் கண்டது.

அதன் பின்னராவது பாடம் படித்தார்களா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. மணலியிலுள்ள சென்னைப் பெட்ரோலியம் கார்ப்பரேசனின் சுத்திகரிப்பு வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வெளியேறி, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. தமது குழாய்களில் கசிவில்லை என்று நிறுவனம் முதலில் மறுத்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே விடயத்தைக் கையிலெடுத்த பின்னர்தான் காரியங்கள் வேகம் கொண்டன. தமிழ்நாட்டு அரசு 8 கோடியே 68 இலட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. பெரிதும் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். கணக்கைக் கூட்டிப் பாருங்கள், ஏறத்தாழச் சரியாகவே வரும். சேற்றுக்கு எத்தனை ரூபாய் என்று கேட்டால் மட்டும் கணக்கு வராது.

வேறொரு அலுவலாகச் சென்னை சென்றிருந்தபோது நான் அங்கே போய்ப் பார்த்தேன். கண்டல் மரங்களின் தண்டில் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதைக் கறுப்புக் கோடு காட்டி நின்றது. கழிமுகச் சேற்றில் இறங்கிக் கையினால் தடவி இறால் பிடிப்பது அங்குள்ள இருளர் சமூகப் பெண்களின் பரம்பரைத் தொழில். அவர்களிடம் வலையுமில்லை, படகுமில்லை. இரு கைகளே மூலதனம். படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு என்று இழப்பைக் கணக்கிடுவோர் ஏட்டில் கைகளை எந்தத் தலைப்பில் எழுதுவார்கள்? நமது தோட்டத்துக் கொழுந்து பறிக்கும் தாய்மார் இதனை நன்கு உணர்வார்கள். கையையே நம்பிப் பிழைப்பவர் பட்டியலில் எப்போதும் கடைசியில் வருகின்றனர்.

இலங்கையிலும் இவ்வரிசை குறுகியதன்று. 2015 ஆகஸ்டில் பியகமப் பக்கத்துக் குளிர்பான ஆலையொன்றிலிருந்து டீசல் களனியிற் கலந்தது. கொழும்பு மக்களின் குடிநீரிற் பெரும்பங்கு அந்த ஆற்றிலிருந்தே அம்பத்தளையில் எடுக்கப்படுகின்றது. 2018 செப்டம்பரில் முத்துராஜவெல குதங்களுக்குச் செல்லும் குழாய் கசிந்து உஸ்வெட்டகெய்யாவக் கரை கறுத்தது. 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, ஜூன் 2ஆம் திகதி அமிழத் தொடங்கியது. அதற்காக நூறு கோடி டொலர் நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 24ஆம் திகதி தீர்ப்பளித்தது. தீர்ப்பு வேறு, பணம் கைக்கு வருவது வேறு என்பதைச் சட்டத்தரணிகள் எல்லாரும் அறிவர். கட்சிக்காரருக்குத்தான் அதைச் சொல்வதில்லை.

ஆனால் நான் உங்கள் முன் விரித்துரைக்க விரும்பும் வழக்கு சுன்னாகம் வழக்கு. அது கழிமுகம் அன்று, கிணறு. எனினும் சட்டத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கின்றது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. சுண்ணக்கல் நிலம், ஆறு கிடையாது, கிணறே அங்கு கங்கை. 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கலாயிற்று. மனுதாரர் யார் தெரியுமா? தெற்கைச் சேர்ந்த சூழலியலாளர் ரவீந்திர குணவர்தன காரியவசம். யாழ்ப்பாணத்துத் தமிழன் கிணற்றுக்காகக் கொழும்பில் வழக்காடியவர் ஒரு சிங்களவர் என்பதை இம்மேடையில் நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்லுகிறேன். நமது அரசியலில் உரிமைக்குரல் எழுப்புவோர், உரிமைக்குத் துணை நிற்போரையும் பெயர் சொல்லிப் போற்றும் வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

2019 ஏப்ரில் 4ஆம் திகதி நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு வெளிவந்தது. மாசுபடுத்தியவனே ஈடு செய்ய வேண்டும். தீங்கு நேருமென்று முழுமையாக நிரூபிக்கப்படும்வரை காத்திராது முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளும் அத்தீர்ப்பில் உறுதி பெற்றன. மின்நிலையத்தை நடத்திய கம்பனி இரண்டு கோடி ரூபாய் செலுத்த வேண்டுமெனக் கட்டளையாயிற்று. இவ்விரு கோட்பாடுகளும் இந்திய நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியதும் தமிழ் மண்ணின் வழக்கொன்றினாலேயே. வட ஆற்காட்டுத் தோற்பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அவற்றை நாட்டின் சட்டம் என ஏற்றது. கெட்டது நம் ஆறு; பிறந்தது நல்ல சட்டம்! பாலாறு அதனால் மீண்டும் பாலாகிவிடவில்லை என்பதும் உண்மை.

சுன்னாகத்திலும் எண்ணூரிலும் எழுந்த பிரதானமான தர்க்கம் ஒன்றே: "இந்த எண்ணெய் எங்களுடையதன்று." வேறு ஆலை இருந்தது, வேறு காலம் இருந்தது, வேறு குழி இருந்தது என்பார்கள். இதற்கு விடை சொல்ல விஞ்ஞானம் வல்லது. எண்ணெய்க்கும் கைரேகை உண்டு. ஒவ்வொரு மசகெண்ணெயிலும் வளையப் பொருள்களின் விகிதம் வேறு. மூலப்பொருளாகவே சிந்திய எண்ணெயையும், எரிந்து புகையாகிப் படிந்ததையும் வேறுபடுத்திக் காட்டவும் முடியும். ஆனால் கைரேகை நிபுணர் வந்து நிற்கையில், திருட்டு நடப்பதற்கு முன் வீடு எப்படி இருந்தது என்று நீதிபதி கேட்டால் நாம் என்ன சொல்வது?

இங்கே என் தோல்வி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், மரக்கறித் தோட்டம் செய்யும் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் நிலத்துக்கு மேலே வாகனங்களைக் கழுவித் திருத்தும் இடமொன்று இருந்தது. அவர் வீட்டுப் பீலியில் வந்த தண்ணீரில் டீசல் நாற்றம். நானே போய் முகர்ந்தேன். தண்ணீரின் மேல் வானவில் போல் நிறம் படர்ந்திருந்ததைக் கண்ணாற் கண்டேன். ஒரு பிளாத்திக்குப் போத்தலில் நிரப்பி எடுத்துக்கொண்டு, மூன்று வாரம் என் அலுவலக மேசைக்கடியில் வைத்திருந்து, பின்னர் பரிசோதனைக்கு அனுப்பினேன். எடுத்தபோது சாட்சி இல்லை, திகதி எழுதவில்லை, அந்த இடம் தொடங்குவதற்கு முன்னர் பீலி நீர் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி என்னை ஐந்து நிமிடத்தில் மடக்கினார். அவரிடம் எனக்குக் கோபமில்லை. அவருடைய நிலையில் நானும் அதையே செய்திருப்பேன். நமது விவசாயி இப்போது அரை மைல் தூரத்திலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கின்றார். என்னைக் காணும்போதெல்லாம் மரியாதையாகவே வணக்கம் சொல்கின்றார். அதுவே எனக்குத் தண்டனை.

எனவேதான் திருகோணமலையைப் பற்றி இன்றே பேச வேண்டும் என்கிறேன். அந்த 99 குதங்களின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன். 1942 ஏப்ரில் 9ஆம் திகதி யப்பானியரின் வான்தாக்குதலில் அங்கிருந்த குதங்களுள் ஒன்று எரிந்தழிந்தது. நெடுங்காலம் பெரும்பாலானவை காட்டுக்குள் துருப்பிடித்து நின்றன. 2022 ஜனவரி 6ஆம் திகதி செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி 61 குதங்கள், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 51 வீதமும் லங்கா ஐ.ஓ.சி. 49 வீதமும் கொண்ட கூட்டுக் கம்பனிக்கு ஒப்படைக்கப்பட்டன; 24 கூட்டுத்தாபனத்திடமும் 14 லங்கா ஐ.ஓ.சி.யிடமும் உள்ளன. 2025 ஏப்ரில் 5ஆம் திகதி இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் திருகோணமலையை வலுசக்தி மையமாக்க ஒப்பமிட்டன.

நான் இதனை எதிர்க்க வரவில்லை. 2022ஆம் ஆண்டில் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்றவன் நான். லொறிக்கு டீசல் இன்றிக் கோவாவும் கிழங்கும் இவ்வூர்த் தோட்டங்களில் அழுகியதை நீங்கள் கண்டீர்கள். லயங்களில் மண்ணெண்ணெய் இன்றி அடுப்புப் பட்ட பாடு தாய்மாருக்குத் தெரியும். எண்ணெய் வேண்டாம் என்று சொல்லும் துறவறம் ஏழைக்கு உதவாது. யார் குதத்தை வைத்திருக்கின்றார்கள், டில்லியா அபுதாபியா பீக்கிங்கா என்னும் வாதத்தில் கொழும்பு அரசியல்வாதிகள் களைத்துப் போயிருக்கின்றனர். அந்த வாதத்திற் சேற்றைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை. நான் கேட்பது அந்த ஒன்றே. குதங்களில் எண்ணெய் நிரம்பும் முன்னர், கொட்டியாரக் குடாவிலும் வெருகல் முகத்திலும் அம்பலாந்தோட்டையிலும் களனி முகத்துவாரத்திலும் நீரையும் சேற்றையும் எடுத்து, அவற்றில் இன்று எவ்வளவு ஐதரோகாபன் உள்ளது என்று அளந்து, அந்த அளவை மூன்று மொழியிலும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே முறையில் மீண்டும் அளக்க வேண்டும். அந்த ஏடே நாளைக்கு மூதூர் மீனவனுக்குச் சாட்சி. 1942இல் எரிந்த குதத்தின் மிச்சம் அச்சேற்றில் இருக்குமானால் அதுவும் இன்றே எழுதப்படட்டும். பழைய பாவத்தைப் புதியவன் தலையில் சுமத்துவதும் நீதியன்று.

மூதூர்க்காரனுக்கு நாம் ஏன் வாதாட வேண்டும் என்று கேட்பவர் இருக்கலாம். அட்டன் சந்தையிலும் நானுஓயாச் சந்தையிலும் வாங்கும் கருவாடு எங்கிருந்து வருகின்றது என்று விசாரித்துப் பாருங்கள். 1977ஆம் ஆண்டும் 1983ஆம் ஆண்டும் நடந்த வன்செயல்களில் மலையை விட்டு ஓடிய நம்மவர் எங்கெங்கே குடியேறினர் என்பதையும் நினைத்துப் பாருங்கள். மேலும், ஆறு கெட்டதற்கு மேலே இருக்கும் தோட்டத்தானும் கிழங்கு விவசாயியுமே காரணம் என்று கீழே ஒரு பேச்சு உண்டு. உரத்தையும் கிருமிநாசினியையும் பற்றிய அந்தப் பேச்சில் உண்மையும் உண்டு. அளவு எழுதப்பட்டால், எது மலையிலிருந்து வந்தது, எது துறைமுகத்திலிருந்து வந்தது என்பது பிரியும். அந்தக் கணக்கு நம்மைக் காக்கவும் கூடும், குற்றஞ்சாட்டவும் கூடும். இரண்டுக்கும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

குற்றச்சாட்டு என்றேன். அதனையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2003இலும் 2022இலும் வெளியிட்ட அறிக்கைகளின்படி, வட அமெரிக்கக் கடலில் மனிதரால் சேரும் எண்ணெயிற் பெரும்பங்கு, கப்பல் உடைந்து சிந்துவதன்று. நிலத்திலிருந்து துளித்துளியாகக் கழுவப்பட்டுச் செல்வதே. நமது மலையில் மழைக்குக் குறைவில்லை, சரிவுக்கும் குறைவில்லை. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் பழைய ஒயிலை மாற்றிவிட்டு அதனை எங்கே ஊற்றுகிறீர்கள்? வேலிக்கட்டைக்குக் கறையான் வராதிருக்கப் பூசுவோர் உண்டு. மீதியைக் கானில் ஊற்றுவோரே அதிகம். லொறிக்காரர், முச்சக்கர வண்டிக்காரர், தோட்டத் தொழிற்சாலை இயந்திரப் பொறுப்பாளர் யாவரும் இச்சபையில் இருக்கிறீர்கள். யாரையும் சுட்டிக் காட்டவில்லை; என் வீட்டு வாகனத்தின் ஒயிலும் எங்கே போகின்றது என்று இக்கூட்டத்துக்கு ஆயத்தம் செய்யும்வரை நான் கேட்டறியவில்லை. பழைய ஒயிலைப் பீப்பாயிற் சேர்த்து, கூட்டுறவுச் சங்கத்தின் மூலமாவது அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுப்பது பெரிய வித்தையன்று. கொழும்பு அரசாங்கத்திடம் நாம் சேற்றை அளக்கச் சொல்லும்போது, நம் கானை யாரும் அளக்க வரலாம் என்பதை நினைவில் வைப்போம்.

இனி, செய்ய வேண்டியது. 1988ஆம் ஆண்டின் திருத்தத்தோடு கூடிய தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ், சுற்றாடற் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டால், கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வர வேண்டும் என்பது சட்டம். அந்த 30 நாளில் எழுதாதவன் பின்னர் அழுது பயனில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், இக்கழிமுகங்களின் சேறு இதுவரை பரிசோதிக்கப்பட்டதா, பெறுபேறு யாது என்று கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றம் செல்வதற்குள்ள காலம் ஒரேயொரு மாதம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கிற் சேராது. இந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டு வந்த எத்தனையோ நல்ல வழக்குகளைக் கண்ணீரோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேலை. நம் ஓடைகளின் அளவையும் நாமே எடுத்து வைப்போம். இங்கிருந்து அம்பேவெல வரை நான்கு இடங்கள் போதும். நான் செய்த பிழையைச் செய்யாதீர்கள். பிளாத்திக்குப் போத்தல் ஆகாது; எண்ணெய் அதன் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் கழுவி உலர்த்திய கபில நிறக் கண்ணாடிப் போத்தல் வேண்டும். சேறு எடுப்பதானால் உலோகக் கரண்டியால் மேற்பரப்பின் இரண்டு அங்குலத்துக்குள் எடுத்து, கண்ணாடிச் சாடியில் இட்டு, மூடிக்குள் அலுமினியத் தாள் வைத்து மூடுங்கள். பனிக்கட்டியில் வைத்து, வெயில் படாமல், தாமதமின்றி ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். இடம், திகதி, நேரம், எடுத்தவர் பெயர், அருகில் நின்ற இருவரின் கையொப்பம் யாவும் அவ்விடத்திலேயே எழுதப்பட வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதுவது கதை, சாட்சியம் ஆகாது.

வாயிலருகே மேசையில் மூன்று மனுக்கள் தமிழிலும் சிங்களத்திலும் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு. ஒன்று கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்கு. மற்றது பெற்றோலிய விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சுக்கு. படித்துப் பார்த்தே ஒப்பமிடுங்கள்; படிக்காமல் ஒப்பமிடுவது நம் முன்னோர் ஒருமுறை செய்து பட்டது போதும். மாதிரி எடுக்க வரக்கூடியவர்கள் பக்கத்திலுள்ள கொப்பியிற் பெயர் எழுதுங்கள். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புகையிரத நிலையத்துக்குக் கீழுள்ள பாலத்தடியிற் கூடுவோம். போத்தல் நான் கொண்டு வருகிறேன்.